பிறை வீட்டுப் பெயர் மாற்றம்: லாயர் வேண்டுமா, வேண்டாமா?

பிறைத் தம்பி:
அண்ணன் அண்மையில் தவறிவிட்டார். உயில் எழுதவில்லை. பினாங்கு மாநிலத்தின் பிறையில் ஒரு தெரஸ் வீடு, மூன்றரை லட்சம் வெள்ளி (ரிங்கிட்) பெறும். வீட்டுக் கடன் எம்ஆர்டிஏ காப்புறுதியில் தீர்ந்துவிடும். வங்கியில் கொஞ்சம் பணம், ஒரு கார். இபிஎஃப் சேமநிதிப் பணத்துக்கு அண்ணியை வாரிசாகப் போட்டிருந்தார், அதில் பிரச்சினை இல்லை. இருப்பவர்கள் அண்ணி, 14 வயதில் பையன், 9 வயதில் பெண், எங்கள் அம்மா. ஒரு லாயர் ஆபிஸில் சொன்ன தொகையைக் கேட்டு அண்ணி மிரண்டுவிட்டார். நாங்களே செய்ய முடியுமா?

தானா ஆபிஸ் செல்வா:
தாராளமாக முடியும் தம்பி. உயில் இல்லை, வீடு இருக்கிறது, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்குள். மலேசியாவின் 1955ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி இது சிறு சொத்து. முன்பு 20 லட்சம்தான் வரம்பு, 2024 ஜூலையில் உயர்த்தினார்கள். ஹைகோர்ட் பக்கமே போக வேண்டாம். பூசாக்கா கெச்சில், அதாவது சிறு சொத்துப் பிரிவில், போராங் ஏ என்ற மனுப் படிவத்தைக் கொடுங்கள். மரணச் சான்றிதழ், வீட்டுக் கிரான் (உரிமைப் பத்திரம்), எல்லாருடைய ஐசி (அடையாள அட்டை), பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் வேண்டும். வங்கிப் பணம், கார் விவரத்தையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள், பிறகு அலைய வேண்டாம். பிச்சாரா, அதாவது விசாரணைத் தேதி கொடுப்பார்கள். வர முடியாத வாரிசு போராங் டிடிஏவில் சம்மதம் எழுதி அனுப்பலாம்.

ஹைகோர்ட் என்றால் சொத்து மதிப்புக்கு ஈடாக இரண்டு ஜாமீன்தாரர் கேட்பார்கள். அதைத் தள்ளுபடி செய்யத் தனியாக மனு. நம் ஆட்கள் கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் பாக்கெட்டைத் திறந்துவிடுகிறோம்!

முன்னாள் கிராணி:
பினாங்கில் லாயர் ஆபிஸ் ஒன்றில் பல வருடம் கிராணியாக (எழுத்தராக) இருந்தவன் நான். செல்வா அண்ணே காட்டிய வழி சரி. ஆனால் யாருக்கு எவ்வளவு என்று அவர் சொல்லவே இல்லையே? 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. வீடு முழுக்க அண்ணிக்கு என்று குடும்பமே கூடி முடிவு செய்தாலும் பிள்ளைகளின் பாதியை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது, பெற்ற தாயாலும் முடியாது. பின்னால் அண்ணி வீட்டை விற்க நினைத்தால் அந்தப் பாதிக்குக் கோர்ட் அனுமதி வாங்க வேண்டும். அங்கே போய் நீங்களே மனு எழுதிப் பாருங்கள், தெரியும்.

இன்னொன்று, தம்பி. அண்ணனுக்குக் கோயில் கல்யாணம் மட்டும்தானா, பதிவும் உண்டா? 1982 மார்ச் 1க்குப் பிறகு நடந்த கல்யாணத்துக்குப் பதிவு இல்லையென்றால் பிச்சாரா மேசையில் தீராது.

தானா ஆபிஸ் செல்வா:
விற்பதைப் பற்றித் தம்பி கேட்கவே இல்லை. பையனுக்கு 14. நாலு வருடம் பொறுத்தால் அவனே கையெழுத்துப் போடுவான்.

முன்னாள் கிராணி:
அவ்வளவு சுலபமில்லை. 1971ஆம் ஆண்டு முழுவயதுச் சட்டம் 18 என்கிறது, உண்மைதான். ஆனால் வேறொரு சட்டம் தனக்கென்று ஒரு வயது வைத்திருந்தால் அதைத் தொடாது. 1961ஆம் ஆண்டுச் சிறார் பாதுகாவலர் சட்டத்தில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 21. பாதுகாவலர் என்று பேச்சு வந்தால் அந்தக் கணக்குதான்.

ஜெலுத்தோங் மாலா:
பாதுகாவலர் என்றதும் ஞாபகம் வருகிறது. அண்ணி தன் பிள்ளைகளுக்கே பாதுகாவலர் ஆக மனு போட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்பா இல்லையென்றால் அம்மாதான் பாதுகாவலர். அந்தப் பாதுகாவலர் சட்டத்தின் 1999 திருத்தத்தோடு தாய்க்கும் சம உரிமை வந்தாயிற்று. என் சித்தியிடம் ஓர் ஏஜென்டு இதற்கென்றே பணம் கறந்தான். லாயர் அல்லாதவன் காசு வாங்கிக்கொண்டு இந்தப் பத்திரங்களை எழுதுவதே குற்றம், வழக்கறிஞர் தொழில் சட்டம் 37ஆம் பிரிவைப் பாருங்கள். லாயர் வேண்டாம் என்றால் நீங்களே செய்யுங்கள், ஏஜென்டு மட்டும் வேண்டாம்.

பிறைத் தம்பி:
பதிவுத் திருமணம்தான். அம்மா தன் பங்கைப் பேரப்பிள்ளைகளுக்கே விட்டுவிடுவார். ஆனால் அவருக்குக் கொஞ்ச காலமாக மறதி நோய். சில நாள் நினைவாக இருப்பார், சில நாள் என்னையே யார் என்று கேட்பார்.

தானா ஆபிஸ் செல்வா:
நல்லா இருக்கிற நாளாகப் பார்த்து டிடிஏவில் கைநாட்டு வாங்கிவிடுங்கள். பேரப்பிள்ளைகளுக்குப் போகிற சொத்து, யார் துருவப் போகிறார்கள்?

முன்னாள் கிராணி:
தம்பி, இதை மட்டும் செய்யாதீர்கள். புரியாமல் வைத்த கைநாட்டு சம்மதம் ஆகாது. நாளைக்கு உங்கள் அக்கா தங்கை யாராவது ஆட்சேபித்தால் மொத்த உத்தரவும் ஆட்டம் காணும். பவர் ஆஃப் அட்டர்னியும் (அதிகாரப் பத்திரம்) உதவாது. முன்பே எழுதியிருந்தாலும் நம் நாட்டில் சுயநினைவு போனால் அதுவும் செத்துவிடும். முறையான வழி 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி ஹைகோர்ட்டில் கமிட்டி நியமனம், அதாவது அம்மாவின் சொத்து விவகாரத்தைப் பார்க்கக் கோர்ட் ஆள் நியமிப்பது, மருத்துவர் அஃபிடவிட்டோடு (சத்தியப் பிரமாணம்). அந்தக் கமிட்டியும் அம்மாவின் நலனைத்தான் பார்க்கும், பேரன் பேத்திக்கு அள்ளிக் கொடுக்காது. லாயர் வேண்டும் என்று நான் முதலிலிருந்து சொல்வது இந்த மாதிரி இடத்துக்குத்தான்.

தானா ஆபிஸ் செல்வா:
சரி, அப்படியென்றால் அம்மாவின் கால் பங்கை அம்மா பெயரிலேயே ஏற்றிவிடுங்கள். விட்டுக்கொடுத்தால்தானே கையெழுத்து? அதற்கு லாயர் எதற்கு?

முன்னாள் கிராணி:
விற்காத வரை, அடமானம் வைக்காத வரை, அது ஓடும். மருத்துவர் கடிதத்தையும் கொண்டுபோய் பிச்சாராவில் அதிகாரியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ஜெலுத்தோங் மாலா:
கமிட்டி வரைக்கும் போக வேண்டி வந்தால் முதலில் அரசாங்கச் சட்ட உதவித் துறையில், அதாவது பந்துவான் குவாமானில், கேளுங்கள். வருமான வரம்பு பார்ப்பார்கள். அண்ணிக்குக் கிடைக்க வாய்ப்புண்டு.

பிறைத் தம்பி:
நன்றி. வீட்டை விற்கிற எண்ணம் இப்போது இல்லை. அம்மா பங்கு அம்மாவுக்கே என்று போராங் ஏவை நாங்களே நிரப்புகிறோம்.

முன்னாள் கிராணி:
செல்வா அண்ணே, அந்தக் கைநாட்டு யோசனையை அழித்துவிடுங்கள். வேறு யாராவது படித்துவிட்டுச் செய்வார்கள்.

தானா ஆபிஸ் செல்வா:
அழிக்க மாட்டேன். கீழேயே உங்கள் பதில் இருக்கிறது, படிக்கிறவர் படிக்கட்டும்.