மறுமொழி: சர்ச் ஸ்ட்ராட்டஜி – ‘தேடல் உத்தி’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம். மருத்துவ நூலகர்கள் ‘சர்ச் ஸ்ட்ராட்டஜி’ (search strategy) என்று சொல்வதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற இந்த இழையில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘தேடல் உத்தி’ என்றே எழுதிவிட்டுப் போகலாமே, எல்லோருக்கும் புரிகிறதே?

புரிகிறது ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. எந்தத் தரவுத்தளங்களில் தேடுவது, எந்த ஆண்டிலிருந்து, எந்த மொழிக் கட்டுரைகள் என்று முன்கூட்டியே முடிவுசெய்வதுதான் உத்தி. மருத்துவ நூலகர்கள் மாநாட்டுச் சுவரொட்டியில் போட்டுக் காட்டுவதும், மற்ற நூலகர்கள் அதன்முன் நின்று கேள்வி கேட்பதும் பெரும்பாலும் அதைப் பற்றி அல்ல. வரி எண் போட்டு எழுதிய தேடலை அப்படியே காட்டுகிறார்கள். அதற்குத்தான் நம்மிடம் பெயர் இல்லை.

மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுப்பது பற்றி மெட்லைன் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடுவதாக வைத்துக்கொள்வோம். முதல் வரியில் மாரடைப்புக்கான மெஷ் தலைப்பு (மெட்லைன் கட்டுரைகளுக்குப் பொருள்வாரியாக இடும் நிலையான தலைப்பு), இரண்டாம் வரியில் கட்டுரையின் தலைப்பிலும் சுருக்கத்திலும் ஆசிரியர்கள் மாரடைப்பைக் குறிக்க எழுதக்கூடிய சொற்கள் எல்லாம், மூன்றாம் வரி ‘1 அல்லது 2’. இதேபோல் ஆஸ்பிரினுக்கு நான்கு, ஐந்து, ஆறு. ஏழாம் வரி ‘3 மற்றும் 6’. அந்த ஏழாம் வரியில் 3 என்பதற்குப் பதில் 2 என்று விழுந்துவிட்டால், முதல் வரியில் மட்டும் சிக்கிய கட்டுரைகள் ஓசையில்லாமல் போய்விடும். எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் குறைந்து தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. உத்தியில் ஒரு குறையும் இல்லை, எழுதியதில்தான் பிழை! இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் எதைத் திருத்தச் சொல்கிறோம் என்பதே விளங்காது.

இது வெறும் சொல் நுணுக்கம் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து எழுதும் மீளாய்வுகளில் என்னென்ன சொல்ல வேண்டும் என்பதற்கு 2009இல் வந்த பிரிஸ்மா நெறிமுறை ஒரு தரவுத்தளத்துக்காவது முழுத் தேடலையும் கொடுங்கள் என்றது. 2020 பதிப்பு எல்லாத் தரவுத்தளங்களுக்கும், வடிகட்டிகள் உட்பட, கொடுக்கச் சொல்கிறது. இன்னொரு நூலகர் அதைச் சரிபார்ப்பதற்கென்றே பிரெஸ் என்ற நெறிமுறையும் இருக்கிறது. வெளியிடவும் சரிபார்க்கவும் மறுபடி ஓட்டிப் பார்க்கவும் கூடிய ஓர் ஆவணம் இது, நூலகரின் உழைப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. தனிப்பெயர் கொடுக்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் பரிந்துரை: தேடுநிரல். தேடுபொறி ஏற்கெனவே புழங்குகிறது, அதே வினைத்தொகை அமைப்பு. ‘நிரல் என்றால் கணினி நிரல் ஆயிற்றே’ என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நிரல் என்பதன் அடிப்பொருள் வரிசை. நிரல்நிறை அணியிலும் நிகழ்ச்சி நிரலிலும் அதுதான். வரிவரியாக எழுதி ஓட்டுகிற ஒன்றுக்குக் கணினி வாடை கொஞ்சம் ஒட்டினாலும் நல்லதுதான்.

இந்த இழையில் அம்மையார் ஒருவர் சொன்ன ‘தேடற்சரம்’ அழகான சொல், ஆனால் ஒற்றை வரிக்குத்தான் பொருந்தும். அதை அப்படியே வைத்துக்கொள்வோம். ‘தேடல் சூத்திரம்’ வேண்டாம். சூத்திரம் என்றால் மாறாதது என்ற எண்ணம் வரும், இதுவோ தளத்துக்குத் தளம் மாறும். மெட்லைனின் மெஷ் தலைப்பு எம்பேஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் செல்லாது, அங்கே எம்ட்ரீ என்ற அதன் சொந்தத் தலைப்புப் பட்டியலைப் பார்த்து வேறு வரிகள் எழுதியாக வேண்டும்.

ஆக, திட்டம் தேடல் உத்தி, ஒரு வரி தேடற்சரம், வரிகள் எல்லாம் சேர்ந்தது தேடுநிரல். அப்புறம் தேடுநிரல் சரிபார்ப்பு, தேடுநிரல் பின்னிணைப்பு என்று தடையில்லாமல் வளர்க்கலாம்.

போஸ்டருக்குச் சுவரொட்டியே போதும், அதில் நேரம் செலவிட வேண்டாம். தேடுநிரலுக்கு மறுப்பு உள்ளவர்கள், மாற்றுச்சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள். ‘கிளினிக்கல் லைப்ரேரியன்’ என்பதற்கான தமிழ்ச்சொல் பற்றித் தனி இழையில் பேசுவோம்.