கோடி (Kodi) மீடியா பிளேயரில் 'கோவில் இசை' மெனு இரண்டாகப் பிரிகிறது – தீர்வு வேண்டும்

வணக்கம். திருகோணமலைக் கோவில்களில் பதிவான தேவாரம், நாதஸ்வரம், தவில் எம்பி3க்களை கோடியில் ஒழுங்குபடுத்துகிறோம். கோடியின் சிஸ்டம் கோப்புறையில் லைப்ரரிக்குள் இருக்கும் மியூசிக் கோப்புறையை முழுசாக யூசர்டேட்டாவுக்கு, அதாவது பயனரின் அமைப்புகள் இருக்கும் கோப்புறைக்குப் பிரதியெடுத்து (மெனுவை விவரிக்கும் புது எக்ஸ்எம்எல் கோப்பை மட்டும் போட்டால் பழைய மெனுக்கள் மறைந்துவிடும்), வகை 'கோவில் இசை' என்றால் ஆல்பங்களைக் காட்டு என்று விதி எழுதியாச்சு.

பாதி ஆல்பங்கள்தான் வருகின்றன. வகைப் பட்டியலில் 'கோவில் இசை' இரண்டு தரம் நிற்கிறது, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. காரணம் 'கோ'. சில டேக்கில் (எம்பி3க்குள் பதிந்திருக்கும் பாட்டு விவரம்) ஓகாரக் குறி ஒரே யூனிகோட் எழுத்து. மற்றதில் ஏகாரக் குறியும் காலும் தனித்தனி. கோடிக்கு அவை வேறு வேறு சொற்கள். 'கொ', 'கௌ' வரிசைக்கும் இதே கதி.

பைதானில் மியூட்டஜென் என்ற டேக் திருத்தும் நிரல் நூலகம் கொண்டு எல்லா டேக்கையும் என்எஃப்சிக்கு (பிரிந்த குறிகளை ஒரே எழுத்தாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றலாம். ஆனால் அது வழமையாக ஐடி3 என்ற எம்பி3 டேக் வடிவத்தின் 2.4 பதிப்பாகச் சேமிக்கும். பழைய பிளேயர் செட்டுகளுக்கு 2.3 தான் வேண்டும். 2.3 இல் சேமித்தால் இரண்டு வகை போட்ட பாட்டுகளில் வகைகள் சேர்ந்து ஒன்றாகாமல் இருக்க எந்தப் பிரிப்புக்குறி சரி? எம்பி3டேக் (Mp3tag) என்ற டேக் திருத்தும் மென்பொருளில் இதைச் செய்தவர்கள் இருந்தால் அதன் ஆக்ஷனை (தானாக மாற்றும் கட்டளை) அப்படியே போடுங்கோ.