ராபினின் 'ஹனி' ஆல்பம்: உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது?

இரவு_வானொலி

ஸ்வீடன் பாடகி ராபினைப் பற்றிப் பேச்செடுத்தாலே 'டான்சிங் ஆன் மை ஓன்' பாட்டோடு பேச்சு நின்றுவிடுகிறது. அது 2010இல் வந்த பாட்டு. எட்டு ஆண்டு கழித்து, 2018 அக்டோபர் 26 அன்று, அவருடைய அடுத்த முழு ஆல்பம் 'ஹனி' வந்தது. ஒன்பது பாட்டு, மொத்தம் நாற்பது நிமிடம். விமர்சகர்கள் வந்த வாரத்திலேயே கொண்டாடினார்கள். ஆண்டு முடிவில் பத்திரிகைகள் போட்ட சிறந்த ஆல்பங்கள் பட்டியல் பலவற்றிலும் இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த ரசிகர்களில் பாதிப்பேர் முதலில் திகைத்துத்தான் போனார்கள். கையை உயர்த்திக் கூட்டமாகப் பாட ஒரு கோரஸ் இல்லையே என்பதுதான் அவர்களுடைய குறை.

நான் இரவுப் பணி முடிந்து வரும் ரயிலில் கேட்டேன். 'மிஸ்ஸிங் யூ' தொடங்கும்போது மினுங்கிக்கொண்டு வரும் அந்த சின்த் ஒலியிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. இந்த ஆல்பத்தின் பலமே, ஒரு உணர்ச்சியை உச்சத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டாமல் அதற்குள்ளேயே நம்மை இருக்க வைப்பதுதான் என்று நினைக்கிறேன். அந்த நிதானத்தைத்தான் பலர் சுரத்து குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நேரில் பார்த்தவர்கள் இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும்.

வல்லாவேகன்

நான் ஸ்டாக்ஹோமில் கேடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை படித்தவள். எனக்கு ராபின் முதலில் அறிமுகமானது பாட்டால் அல்ல, டெக்லாவால். 2013இல் கேடிஹெச் தன்னுடைய பெரிய விருதை அவருக்குக் கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 2015இல் அவர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, 11 முதல் 18 வயது வரையுள்ள பெண்பிள்ளைகளுக்காக டெக்லா என்ற தொழில்நுட்பத் திருவிழாவைத் தொடங்கினார். பின்னால் ஓர் ஆண்டு அதில் தன்னார்வலராக நின்றேன். ஒரு சிறுமி தானே நிரல் எழுதி ஒரு டிரம் தாளத்தை ஒலிக்க வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த தோழியின் கையைப் பிடித்து இழுத்துக் கேட்க வைத்தாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. ஊரில் நான் பொறியியல் சேர்ந்தபோது எனக்கும் இப்படி ஒரு நாள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'ஹனி'க்கு முந்தைய ஆண்டுகளில் ராபினும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். யாரையும் கூப்பிடாமல், ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்து பீட் கட்டப் பழகினார். பதினாறு வயதில் ஆல்பம் போட்டவர், உலகம் முழுக்கப் பெயர் எடுத்தவர், முப்பத்தைந்து வயதுக்கு மேல் மறுபடி கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். அது தெரிந்த பிறகு கேட்டதால்தானோ என்னவோ, இந்த ஆல்பத்தில் தாளம் இருக்கிற இடமெல்லாம் எனக்கு அவருடைய கையாகவே கேட்கிறது. ஜோசப் மவுன்ட், கிளாஸ் ஓலுண்ட் போன்ற தயாரிப்பாளர்கள் எல்லாம் கூட இருந்தாலும் சரி.

வடலண்டன்_வாசி

வல்லாவேகன் தங்கச்சி சொன்னதை வாசிக்கச் சந்தோசமாக இருந்தது. நான் கொஞ்சம் பழைய ஆள். ராபினை 1997இலேயே எனக்குத் தெரியும். 'டூ யூ நோ', 'ஷோ மீ லவ்' இரண்டும் அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்த காலம். மாக்ஸ் மார்ட்டினும் டெனிஸ் பாப்பும் ஸ்டாக்ஹோமில் இருந்து உலகத்துக்கே பாட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், ராபின் அந்த வரிசையில் வந்த முதல் பிள்ளைகளில் ஒருத்தி. அப்படியே போயிருந்தால் வேறு ஆளாகியிருப்பார். 1999இல் 'மை ட்ரூத்' என்ற இரண்டாவது ஆல்பத்தில் தன் கருக்கலைப்பைப் பற்றிப் பாடினார். அமெரிக்காவில் அந்த ஆல்பம் வெளிவரவே இல்லை. கொஞ்ச வருடம் கழித்து, 'த நைஃப்' குழுவோடு சேர்ந்து செய்த 'ஹூஸ் தட் கேர்ள்' அவருடைய கம்பனிக்குப் பிடிக்கவில்லை. ஒப்பந்தத்தைக் காசு கொடுத்து முறித்துக்கொண்டு, 2005இல் கொனிச்சிவா ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாகத் தொடங்கினார். அந்த வருடம் தன் பெயரிலேயே போட்ட ஆல்பம் ஸ்வீடனில் முதலிடம். அடுத்த ஜனவரியில் மூன்று கிராமிஸ் விருது, ஸ்வீடன் நாட்டு விருது அது. இங்கே பிரித்தானியாவில் 2007இல்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்வீடன் இசைத் தயாரிப்பாளர் கிளீரப்போடு பாடிய 'வித் எவ்ரி ஹார்ட்பீட்' முதலிடத்துக்குப் போனது.

இவ்வளவையும் சொல்வது, 'ஹனி'யை எட்டு வருடம் யாரும் அவசரப்படுத்த முடியாமல் போனதற்கு அந்த 2005 முடிவுதான் காரணம் என்பதற்காக. அவரே முதலாளி. யார் தேதி குறிப்பது?

2019 ஏப்ரலில் அவரை லண்டன் அலெக்சாண்ட்ரா பாலஸ் அரங்கில் பார்த்தேன். மலை ஏறி, குளிரில் வரிசையில் நின்று உள்ளே போனால், வெள்ளைத் துணிகள் தொங்கும் மேடை. ஆள் உடனே வரவில்லை. இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வந்த பிறகும் மெதுவாகத்தான் சூடு பிடித்தது. என் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன் முதல் அரைவாசி போன் பார்த்துக்கொண்டிருந்தான். 'பிகாஸ் இட்ஸ் இன் த மியூசிக்' தொடங்கியதும் போனைப் பைக்குள் வைத்தவன், கடைசிவரை எடுக்கவே இல்லை. ஆட்டத்தில் என் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டான். நானும் அவனோடு சேர்ந்து ஆடினேன். மனைவி இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

ஃபேடர்_குமார்

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நாலாவது பாட்டு 'பேபி ஃபர்கிவ் மீ', ஐந்தாவது 'சென்ட் டு ராபின் இமீடியட்லி'. இரண்டையும் தனித்தனியாகக் கேட்காதீர்கள், அது பெரிய அநியாயம். முதல் பாட்டில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தாளம் அடங்கியே இருக்கிறது. அது முடியாமலே அடுத்ததற்குள் வழுக்கிப் போகிறது. அங்கே லில் லூயிஸின் 'ஃப்ரெஞ்ச் கிஸ்' என்ற 1989 ஹவுஸ் வகை நடனப் பாட்டின் துணுக்கு கீழிருந்து ஏறி வருகிறது. ஏறும் வேகத்தை இம்மி இம்மியாகக் கூட்டியிருக்கிறார்கள். கின்ட்னெஸ் என்ற கலைஞரின் பங்கு இதில் பெரியது. நல்ல ஸ்பீக்கரில், நின்றுகொண்டு கேட்டுப் பாருங்கள். உட்கார முடியாது.

எங்கள் கூடத்தில் ஓய்வு நேரத்தில் ஒருமுறை இதைப் போட்டேன். அங்கே தவில் வாசிக்க வந்திருந்த அண்ணன் ஒருவர், 'காலத்தைக் கையில் வைத்திருக்கிறாளே இந்தப் பெண்' என்றார். மொழி தெரியாது, ஆள் யாரென்றும் தெரியாது. முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தார். அதைவிடப் பெரிய விமர்சனத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

பாடிடாக்_பிரியை

எல்லோரும் மன்னிக்கவும், நான் எதிர்க்கட்சி. 2010இல் ராபினின் முந்தைய ஆல்பம் 'பாடி டாக்', 'டான்சிங் ஆன் மை ஓன்' அதில்தான் இருக்கிறது, மூன்று பகுதிகளாக ஜூன், செப்டம்பர், நவம்பர் என்று ஒரே ஆண்டில் வந்தபோது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் காத்திருந்தோம். அந்தப் பாட்டுகளில் ஒரு ஆளும் ஒரு கதையும் இருக்கும். 'ஹனி'யில் 'பீச் டூ கே ட்வென்டி' மாதிரி ஒரு பாட்டு எதற்கு? கடற்கரைக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டே முடிந்துவிடுகிறது. 'ஹ்யூமன் பீயிங்' எனக்கு இன்னும் ஒட்டவில்லை. 'எவர் அகேன்' மட்டும் தங்கம். இனி ஒருபோதும் மனம் உடைய மாட்டேன் என்று ஒருத்தி அவ்வளவு உறுதியாகப் பாடுவதைக் கேட்டபோது, வாழ்க்கையில் ஒரு மோசமான ஆண்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தேன். அந்தப் பாட்டுக்காக இந்த ஆல்பத்துக்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவள். ஆனால் முழு ஆல்பமாக? 'பாடி டாக்' பக்கத்தில் வைக்க மாட்டேன்.

இரவு_வானொலி

எதிர்க்கட்சி இருந்தால்தான் பேச்சு நடக்கும், நன்றி. 'பீச்' பாட்டு எனக்கு வேண்டும். அதற்கு முன்னால் இருக்கும் துக்கம் அவ்வளவு கனமானது. அவரோடு நீண்ட காலம் வேலை செய்த நண்பர் கிறிஸ்டியன் ஃபால்க் 2014இல் புற்றுநோயில் இறந்தார். காதலும் முறிந்திருந்தது. 'மிஸ்ஸிங் யூ'வில் தொடங்கும் ஒருத்தி எந்த வழியாக 'எவர் அகேன்' வரை வந்து சேர்வாள்? நடுவில் காரணமே இல்லாமல் சும்மா கடற்கரையில் சுற்றும் ஒரு மதியம் வேண்டாமா?

கார்டன்_ஸ்டேட்_தமிழன்

தாமதமாக வருகிறேன். 2019 மார்ச்சில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் நிகழ்ச்சிக்கு நியூ ஜெர்சியிலிருந்து போனேன். அங்கே 'டான்சிங் ஆன் மை ஓன்' வந்ததும் இசையை நிறுத்திவிட்டார்கள். ராபின் வாயே திறக்கவில்லை. முதல் கோரஸ் முழுவதையும் கூட்டம்தான் பாடியது. அவர் நின்று கேட்டார்.

அதோடு முடியவில்லை. வெளியே வந்து 34ஆம் தெரு பென் ஸ்டேஷன் சப்வேயில் இறங்கினால் பிளாட்பாரம் முழுக்க அதே கூட்டம். யாரோ தொடங்க, எல்லோரும் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வீடியோ உலகம் முழுக்கப் போனது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீடியோவில் தெரியாதது ஒன்று: நிகழ்ச்சிக்கே வராத, வேலை முடிந்து வீட்டுக்குப் போகக் காத்திருந்த ஒரு பெண்மணி, கையில் மளிகைப் பையோடு, என் பக்கத்தில் நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்தார். 'யாருக்குப் பிறந்தநாள்?' என்று என்னிடம் கேட்டார். ரயில் வந்தும் சிலர் ஏறவில்லை. நான் அடுத்த ரயிலில்தான் போனேன்.

பாடிடாக்_பிரியை

பார்த்தீர்களா! கடைசியில் பிளாட்பாரத்தில் பாடியது 'பாடி டாக்' பாட்டுத்தானே!

இரவு_வானொலி

உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'ஹனி' தலைப்புப் பாட்டின் ஆரம்ப வடிவம் 2017இல் 'கேர்ள்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் கடைசி சீசனில் ஒலித்தது. அன்றிலிருந்து வெளியிடச் சொல்லி ரசிகர்கள் ஹேஷ்டேக் போட்டுக் கெஞ்சியும், அவர் தனக்குச் சரியென்று பட்ட வடிவம் கிடைக்கும்வரை கொடுக்கவில்லை. தன் மிகப் பெரிய பாட்டில் வாயை மூடிக்கொண்டு நின்றவரும் அதே ஆள்தான். 2010இல் எழுதிய பாட்டு, 'ஹனி' கற்றுக்கொடுத்த நிதானம். குமார் அண்ணா சொன்னபடி நாலையும் ஐந்தையும் சேர்த்து, நல்ல ஸ்பீக்கரில், நின்றுகொண்டு ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள். 'ஹ்யூமன் பீயிங்' பற்றிய சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம்.