கர்த்தர் பேசினார் என்கிறார்கள். எனக்கு ஏன் கேட்கவில்லை?

தோப்புக்காரர், பட்டுக்கோட்டைப் பக்கம்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தபோது நாங்கள் ஊர்க் கோயிலுக்குள் ஒதுங்கியிருந்தோம். ஓட்டு வீட்டை நம்ப முடியவில்லை. கதவுக்குப் பெஞ்சை முட்டுக்கொடுத்துவிட்டு, என் மனைவி டார்ச் வெளிச்சத்தில் 46ஆம் சங்கீதத்தை எடுத்தாள். "தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்" என்பதைத் தாண்டி அவளால் போக முடியவில்லை. அதையே விடியும்வரை வாசித்தாள். வெளிச்சம் வந்ததும் போய்ப் பார்த்தேன். ஒன்றரை ஏக்கரில் நின்றவை 14 தென்னை மரங்கள். மற்றவை ஒரே திசையில் தலைவைத்துக் கிடந்தன. அழுதேன். ஆனாலும் அடைக்கலம் என்றால் என்னவென்று அந்த இரவில் எனக்கு விளங்கிவிட்டது.

விளங்காதது வேறு. புயலுக்குப் பிறகு வைத்த நெட்டைக் கன்றுகள் பாளைவிடத் தொடங்கியிருக்கின்றன. இந்த நேரம் பார்த்து, ஜெபக்கூட்டத்துக்கு வரும் ஒரு சகோதரர், "நீங்கள் தோப்பை விற்றுவிட வேண்டுமென்று கர்த்தர் என்னிடம் பேசினார்" என்கிறார். எனக்கு 61 வயது. இதுவரை ஒரு சத்தமும் கேட்டதில்லை. கோளாறு காதிலா, விசுவாசத்திலா?

சகோதரர், கும்பகோணம்:

மூன்று நாள் உபவாசமிருந்து கேளுங்கள் ஐயா. கட்டாயம் பேசுவார்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, தரங்கம்பாடி:

ஐயா, முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சகோதரருக்கு நிலத் தரகர் யாராவது உறவா?

சாமுவேலின் கதையை மறுபடி வாசியுங்கள். ஆலயத்திலேயே படுத்து உறங்கிய பிள்ளை. கர்த்தர் கூப்பிட்டதை அவனே மூன்று முறை ஆசாரியர் ஏலி கூப்பிட்டதாக நினைத்து எழுந்து ஓடினான். ஆகவே, கேட்டும் அடையாளம் தெரியாமல் போவது புதிதல்ல. நான் ஞாயிறு பள்ளியில் இதை முப்பது வருடம் கற்பித்தும், ஏலி செய்ததைக் கவனித்தது பிற்பாடுதான். கர்த்தர் இன்னது சொல்கிறார் என்று அந்தக் கிழவர் வாய்திறக்கவில்லை. "போய்ப் படுத்துக்கொள், கூப்பிட்டால் இப்படிச் சொல்" என்று பதில்சொல்லும் விதத்தை மட்டும் காட்டிவிட்டு விலகிக்கொண்டார். வந்த செய்தியோ அவர் வீட்டுக்கே பாதகமானது. உங்கள் சகோதரர் ஏலியின் வேலையை விட்டுவிட்டுக் கர்த்தருடைய வேலையை எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் 1706இல் கப்பலிலிருந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகிய பிறகுதான் தமிழில் பேசினார். காது பழக நாளாகும் ஐயா.

வயல்காரர், திருத்துறைப்பூண்டி:

சம்பா அறுப்பு முடிந்ததும் இராமநாதபுரம் பக்கத்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் எங்கள் வயல்களில் வந்து ஆட்டுக்கிடை போடுவார்கள். ஒரு மாசி மாதம், பஸ் ஆரன் சத்தத்தில் மிரண்டு, இரண்டு பேருடைய ஆடுகளும் சாலையில் கலந்துவிட்டன. என் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஆடு. ஒருவர் மதகடியிலும் மற்றவர் எதிர் வரப்பிலும் நின்று, தொண்டைக்குள்ளிருந்து ஆளுக்கொரு ஒலி எழுப்பினார்கள். நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் மந்தை இரண்டாகிவிட்டது. நானும் அதேபோல் கத்திப் பார்த்தேன். ஓர் ஆடு தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி நெல் தாளைக் கடித்தது.

"சந்தையில் புதிதாக வாங்கிய ஆடு என்ன செய்யும்?" என்று கேட்டேன். "குரல் பிடிபடும்வரை பழைய ஆட்டின் பின்னாலேயே போகும்" என்றார் கீதாரி. ஆடுகள் தங்கள் மேய்ப்பனுடைய சத்தத்தை அறிந்திருக்கின்றன என்னும் யோவான் 10ஆம் அதிகாரம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

புயல் இரவில் உங்கள் வீட்டம்மா அந்த ஒரு வரியிலேயே நின்றுவிட்டார்கள் என்கிறீர்கள். அதை நீங்கள் எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

தோப்புக்காரர்:

கும்பகோணத்துச் சகோதரரே, எனக்குச் சர்க்கரை நோய். மூன்று நாள் உபவாசத்துக்கு மருத்துவர் சம்மதிக்கமாட்டார். ஆசிரியை அம்மா, தரகர் உறவில்லை, அவருடைய மைத்துனரின் வயல் என் தோப்பை ஒட்டியிருக்கிறது. நீங்கள் கேட்கும்வரை எனக்கு இது தோன்றவே இல்லை.

வயல்காரர் கேட்டதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "எனக்கு அடுத்த வரி கண்ணில் தெரியவில்லை, டார்ச்சில் பேட்டரி இறங்கிவிட்டது" என்று சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நாளை விடியற்காலை கன்றுகளுக்குத் தண்ணீர் விட வேண்டும். அவளும் வருகிறேன் என்கிறாள். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்றிருக்கிறோம்.