ஆப்கான் இளைஞர்களுக்காக ஐநாவில் யார் பேசுவது?

கார்முகில்:
ஐநா பொதுச்சபைக்குப் போகும் தூதுக்குழுவில் ஓர் இளைஞர் பிரதிநிதியையும் சேர்த்து அனுப்பும் வழக்கம் பல நாடுகளுக்கு உண்டு. ஆளைத் தேர்ந்தெடுப்பது ஐநா அல்ல, அந்தந்த நாடுதான். தாலிபான் வருவதற்கு முன் குடியரசு இருந்த காலத்தில் ஆப்கானிஸ்தானும் அனுப்பியது. 2019இல் ஆயிஷா குர்ரம், 2020இல் ஷ்குலா ஜத்ரான், இருவரும் இளம்பெண்கள். 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான் கையில் விழுந்த பிறகு அப்படித் தேர்ந்தெடுக்க ஐநா ஏற்ற அரசு அங்கே இல்லை. ஆனாலும் வெளிநாட்டில் இருக்கும் ஆப்கான் இளைஞர்களை மாநாட்டுக்கு மாநாடு அழைத்து, உங்கள் தலைமுறைக்காகப் பேசுங்கள் என்கிறார்கள். இதை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. அந்த நாட்டில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கிராமங்களில் இருக்கிறார்கள். ஹெல்மண்ட் மாகாணத்திலோ உருஸ்கான் மாகாணத்திலோ இருக்கும் ஒரு இருபது வயதுப் பையன் காபூலில் ஆங்கிலம் படித்து வளர்ந்த ஒருவரைத் தன் பிரதிநிதி என்று எப்படி ஏற்பான்?

மலர்விழி:
ஏற்க மாட்டான் என்று நீங்களாக எப்படி முடிவு கட்டினீர்கள்? சரி, உண்மையில் முடிவு எடுத்த இடத்தைப் பார்ப்போம். 2020 செப்டம்பரில் கத்தாரின் தலைநகர் தோஹாவில் தாலிபானோடு அமைதி பேசக் குடியரசு அனுப்பிய குழுவில் 21 பேர், அதில் பெண்கள் 4 பேர். குழுவிலேயே இளையவர் காலித் நூர், பால்க் மாகாணத்தை ஆண்ட அத்தா நூரின் மகன். போர்த் தலைவர் தோஸ்தமின் மகன் பாத்தூரும் அந்தக் குழுவில் இருந்தார். இளைஞர்கள் அந்த அறைக்குள் போனது அப்பா பெயரைப் பிடித்துக்கொண்டுதான். ஆயிஷாவும் ஷ்குலாவும் தங்கள் படிப்பாலும் பேச்சாலும் வந்தவர்கள். உங்கள் கோபம் யார் மேல் போக வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டு இந்தப் பெண்கள் மேல் வருகிறது.

கார்முகில்:
அந்தப் பெண்கள் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. நீங்கள் சொன்னது என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களை அமைதிப் பேச்சுகளில் சேர்க்க வேண்டும் என்று பாதுகாப்பு அவை 2015 டிசம்பரிலேயே 2250ஆம் தீர்மானம் போட்டது. ஐந்து வருடம் கழித்துத் தோஹாவில் நடந்தது என்ன என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதிகாரம் இருக்கும் மேசையில் வாரிசுகள், அதிகாரம் இல்லாத மேடையில் திறமைசாலிகள். இன்னொன்றும் சொல்கிறேன், என்னை அதிகம் உறுத்துவது இதுதான். தாலிபான் காபூலுக்குள் நுழைந்த அன்று ஆயிஷா அங்கேதான் இருந்தார், காபூல் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடிக்கும் கட்டத்தில். பேராசிரியர்கள் மாணவிகளிடம் விடைபெற்றுக்கொண்டு போனதை அவரே ட்விட்டரில் எழுதினார். ஒருவரை உலகத்தின் முன் நிறுத்தி, பெயரையும் முகத்தையும் எல்லோருக்கும் தெரிய வைத்துவிட்டு, ஆட்சி மாறும் நாளில் அவர் என்ன ஆவார் என்று முன்கூட்டி யோசிக்காத ஏற்பாட்டை நான் எப்படி ஆதரிப்பேன்?

சேவியர்:
இங்கே ஜெர்மனியில் அகதிகளுக்கு மொழி வகுப்பு எடுக்கிறேன், வகுப்பில் ஆப்கான் பிள்ளைகளும் உண்டு. ஐநா மேடையில் யார் பேசினார்கள் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் 2021 அக்டோபரில் ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில் ஒரு விழா மேடையில், தாலிபான் அதிகாரிகள் எதிரே உட்கார்ந்திருக்க, பெண்கள் பள்ளியைத் திறக்கச் சொல்லிப் பேசினாளே ஒரு 15 வயதுப் பெண், அவளைப் பற்றிச் சொன்னால் முகம் மாறுகிறது. அவளை எந்த அமைச்சகமும் தேர்ந்தெடுக்கவில்லை.

மலர்விழி:
சேவியர் அண்ணா, அதே காரியத்தை இன்று அங்கே ஒரு பெண் செய்ய முடியுமா? 2022 ஜனவரியில் காபூல் தெருவில் இறங்கிப் போராடிய பெண்களை இரவில் வீடு புகுந்து கொண்டுபோனார்கள். ஆறாம் வகுப்போடு பெண்களுக்குப் படிப்பு முடிந்துவிடுகிறது, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவையும் மூடியாயிற்று. இந்த நிலைமையில் உள்ளே இருந்து ஆளைத் தேர்ந்தெடுங்கள் என்று சொன்னால் யார் தன் பெயரை எழுதிக் கொடுப்பார்கள்? நாடு விட்டுப் போனவர்கள் ஆசைப்பட்டுப் போகவில்லை. அவர்களையும் அழைக்காவிட்டால் அந்த நாற்காலி ஹெல்மண்ட் பையனுக்குப் போகாது, காலியாகத்தான் கிடக்கும். 2024இல் அதைப் பார்த்தோமே. ஜூன் 30 அன்று தோஹாவில் ஐநா கூட்டிய கூட்டத்துக்குத் தாலிபான் வந்தது, ஆப்கான் பெண்களுக்கும் சிவில் சமூகத்துக்கும் அந்த மேசையில் இடம் இல்லை. அது முடிந்த பிறகு ஜூலை 2 அன்றுதான் அவர்களைத் தனியாகச் சந்தித்தார்கள்.

பாரி:
ஒரு கேள்வி. தாலிபானில் இருப்பவர்களிலும் பாதிப்பேர் இருபதுகளில் இருப்பவர்கள் போலத்தான் தெரிகிறது. போர் நடந்த கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களும் அந்தத் தலைமுறைதானே? அவர்களை விட்டுவிட்டு யாரைத் தேர்ந்தெடுத்தாலும் அது பாதித் தலைமுறைதான்.

மலர்விழி:
பாரி, அவர்களுக்காகப் பேச ஓர் ஆட்சியே இருக்கிறது. வெளியுறவு அமைச்சகம் அவர்கள் கையில், பல நாடுகளில் தூதரகம் அவர்கள் கையில், 2025 ஜூலையில் ரஷ்யா முறைப்படி அங்கீகரித்தும் விட்டது. ஐநாவில் இருக்கை கிடைக்காததுதான் பாக்கி. பேச வேறு வழியே இல்லாதவர்களுக்காக நான் கேட்கிறேன்.

கார்முகில்:
பாரிக்குச் சொன்ன பதில் நியாயமானது. ஆனால் வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவருக்காகப் பேசுவதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. வருடங்கள் போகப் போக அவருக்கே நாடு தூரமாகிவிடும். 2021இல் 12 வயதாக இருந்து வகுப்பை விட்டு நிறுத்தப்பட்ட பெண்ணின் வாழ்க்கையை, அதற்கு முன்பே பட்டம் வாங்கிவிட்ட ஒருவர் எந்த அனுபவத்தை வைத்துச் சொல்வார்?

மலர்விழி:
அவளிடமே கேட்டுத்தான் சொல்ல வேண்டும், அதற்கு வழி இல்லாமல் இல்லை. ஐநாவின் அமைப்புகள் 2022 முதலே மாகாணம் மாகாணமாக ஆப்கான் பெண்களிடம் கருத்துக் கேட்டு அறிக்கை வெளியிடுகின்றன. பெயர் வெளியே வராது. மேடையேறும் இளைஞர் தன் கதையைச் சுருக்கிக்கொண்டு அந்த அறிக்கையில் இருப்பதைப் பேசட்டும், அதுவும் ஒரே ஆள் வருடக்கணக்கில் வராமல் ஆள் மாறி மாறி வரட்டும்.

கார்முகில்:
ஆள் மாறுவதை ஏற்கிறேன். அறிக்கை விஷயத்தில் நம்பிக்கை இல்லை, கேட்டுவிட்டு அடுத்த கூட்டத்துக்கும், பெண்களுக்கு மேசையில் இடம் இல்லை என்ற அதே ஏற்பாட்டோடு தாலிபானை அழைத்தால் என்ன செய்வீர்கள்?

மலர்விழி:
அந்தக் கூட்டத்துக்குப் போகாதீர்கள் என்று மற்ற நாடுகளிடம் கேட்பேன். அதைக் கேட்பதற்கும் அங்கே ஓர் ஆப்கான் பிள்ளை இருந்தாக வேண்டும்.