பேக் பலகை நெளிஞ்சு போச்சு, ப்ரேஸ் ஒட்டலாமா வேண்டாமா?

ஆறுகம்பி:
வணக்கம் மக்களே. முதல் தடவையா ஒரு அக்கௌஸ்டிக் கிட்டார் செஞ்சுட்டு இருக்கேன், ட்ரெட்நாட்னு சொல்ற பெரிய பாடி சைஸ். பேக், சைடு ரெண்டும் ஈட்டி மரம், டாப் ஸ்ப்ரூஸ், கழுத்துக்கு மஹாகனி. பேக்கோட ரெண்டு பாதியையும் புக்மேட்ச் பண்ணி (ஒரே கட்டைய ரெண்டா பிளந்து புத்தகம் மாதிரி விரிச்சு) நடுவுல ஒட்டி 3 மிமீக்கு கொஞ்சம் மேல வர்ற மாதிரி இழைச்சு வச்சிருந்தேன், ஜாயிண்ட் அருமையா வந்துச்சு, வெளிச்சத்துல தூக்கி பிடிச்சா கூட ஒரு கோடு தெரியல. மழை வர்ற மாதிரி இருந்ததால மொட்டை மாடி ஷெட்ல இருந்து எடுத்து கீழ ரூம்ல டேபிள் மேல படுக்க வச்சுட்டு ஊருக்கு போயிட்டேன். வந்து பாத்தா குறுக்குவாட்டுல ரெண்டு ஓரமும் மேல தூக்கிட்டு நிக்குது, ஸ்கேல குறுக்க வச்சா நடுவுல 7 மிமீ பள்ளம். நீளவாக்குல மட்டும் நேரா தான் இருக்கு.

ரெண்டு கேள்வி. இப்படியே ரேடியஸ் டிஷ்ல (லேசா குழிஞ்ச தட்டு மாதிரி அச்சு) அமுக்கி ப்ரேஸ் (உள்பக்கம் குறுக்க ஒட்டுற தாங்கு சட்டம்) ஒட்டிட்டா சரியாகிடுமா? கழுத்து கட்டையும் லேசா முறுக்கின மாதிரி இருக்கு, அதுக்கு என்ன வழி? ஈட்டி விலை தெரியும்ல, இன்னொரு செட் வாங்க சொல்லிடாதீங்க.

க்ளாம்ப்_ராஜா:
ப்ரோ ஓவரா யோசிக்காதீங்க, 3 மிமீ பலகை தான, கையால அமுக்கினாலே படுத்துரும். எப்படியும் பேக்க வளைவாத்தான ஒட்ட போறோம், 15 அடி ஆரம் உள்ள டிஷ்னா ப்ரேஸ் அடியில வளைவு இருக்கும், அதுல வச்சு நல்லா டைட்டா க்ளாம்ப் போட்டு ஒட்டிடுங்க. ப்ரேஸ் பிடிச்சுக்கும். நான் பண்ணின யுகுலேலே (நாலு கம்பி குட்டி கிட்டார்) இப்பவும் கல்லு மாதிரி நிக்குது.

இழைப்புளி:
ராஜா, யுகுலேலே அகலம் என்ன, ட்ரெட்நாட் அகலம் என்ன. குறுக்க கிட்டத்தட்ட 400 மிமீ வர்ற இடத்துல 15 அடி டிஷ்ல நடுவுல வர்ற உயரம் 4 மிமீ சொச்சம் தான். தம்பியோட பலகை 7 மிமீ நெளிஞ்சிருக்கு, அதுவும் எந்த பக்கம்னு சொல்லல. வெளிப்பக்கம் புடைச்சு இருக்குன்னா டிஷ் போற திசையில தான் நெளிஞ்சிருக்கு, உள்பக்கம் புடைச்சிருந்தா நேர் எதிர். எதிரா இருக்கிறத அமுக்கி ஒட்டினா அந்த முறுக்கெல்லாம் பசைக்குள்ள தூங்கிட்டு இருக்கும், என்னைக்காவது ஒரு வறட்சியான வாரத்துல ஒண்ணு ப்ரேஸ் விட்டு வரும், இல்ல பலகை கிழியும்.

தம்பி, முதல்ல மரம் ஏன் நெளிஞ்சதுன்னு பாக்கணும். மரம் நீளவாக்குல ஈரத்துக்கு அசையவே அசையாதுன்னு சொல்லலாம், எல்லா ஆட்டமும் ரேகைக்கு குறுக்க தான். டேபிள்ல படுக்க வச்ச பலகைக்கு மேல் முகம் மட்டும் காத்து வாங்கும், அடி முகம் பழைய ஈரத்தோடயே கிடக்கும். காஞ்ச முகம் சுருங்கும், அதனால அந்த பக்கமா குழியும், தணல்ல போட்ட அப்பளம் மாதிரி. ரூம்ல ஏசி ஓடுச்சா? ஓடிருந்தா இது மரத்தோட குணம் இல்ல, வச்ச விதம் தான், திரும்ப வந்துரும்.

இன்னொண்ணு, பலகையோட குறுக்கு வெட்டு முனையை பாருங்க. கோடுகள் நெட்டுக்குத்தா நின்னா குவார்ட்டர் சான், பயமில்ல. கோடு வளைவா படுத்த மாதிரி இருந்தா அது ஃப்ளாட் சான், வளையம் வளையமா போற திசையில சுருக்கம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அது ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் ஆட்டம் காட்டிட்டு தான் இருக்கும். அப்படிப்பட்ட பலகையும் கிட்டாரா ஆகும், ஆனா பொறுமை ஜாஸ்தி வேணும்.

ஆறுகம்பி:
அண்ணே கரெக்ட், அது தம்பி ரூம், அவன் ஏசிய ஆஃப் பண்றதே இல்ல. மாடியில ஈரப்பத மீட்டர் 78 சதவீதம் காட்டுது, அந்த ரூம்ல 52. முனையில பாத்தேன், ஒரு பாதி முழுக்க நெட்டுக்குத்தா இருக்கு, ஓரத்துக்கு போக போக கொஞ்சம் சாயுது. புடைப்பு உள்பக்கம் வர்ற பக்கத்துல இருக்கு. இப்ப இஸ்திரி பெட்டி வச்சு சூடு காட்டி நிமித்தட்டுமா? யூட்யூப்ல அப்படித்தான் காட்டுறாங்க.

இழைப்புளி:
பெட்டிய தொடாதீங்க இப்போதைக்கு. நடு ஜாயிண்ட் வெள்ளை பசைல ஒட்டினதுதான? சூடும் ஆவியும் பட்டா அது இளகும், அவ்ளோ அழகா வந்த ஜாயிண்ட் வாய திறந்துரும். அதே ரூம்ல அந்த பலகைய சும்மா திருப்பி போடுங்க, புடைச்ச முகம் மேல இருக்கட்டும். அந்த பக்கம் காஞ்சு வர வர தானா படுக்கும், பல சமயம் ஒரே ராத்திரில. அடிக்கடி போய் பாருங்க, விட்டா அந்தப்பக்கம் குழிய ஆரம்பிச்சிரும். கிட்டத்தட்ட தட்டையா வந்த உடனே டேபிள்ல இருந்து எடுத்துருங்க.

அப்புறம் ஒரே தடிமன்ல இழைச்ச ரீப்பர் துண்டு, ஒரு 15 மிமீ போதும், ரேகைக்கு குறுக்க அடியில அஞ்சாறு வரிசை, மேலயும் நேர் அதே இடத்துல அஞ்சாறு, அதுக்கு மேல ஒரு எம்டிஎஃப் பலகை வச்சு வெயிட். ரெண்டு முகத்துக்கும் காத்து ஒரே மாதிரி போகணும், அதான் விஷயம். சுவர்ல சாய்ச்சு மட்டும் வச்சிராதீங்க.

எப்ப ரெடின்னு கண்ணால தெரியாது. கிச்சன் தராசு இருக்குல்ல, கிராம் காட்டுறது, அதுல தினமும் பலகைய நிறுத்து பென்சில்ல பலகை மேலயே எழுதுங்க. எடை இறங்கிட்டே வரும், ஒரு கட்டத்துல நின்னுரும். நின்னா மரம் அந்த ரூமோட சமாதானம் ஆயிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறமும் 2 மிமீ வளைவு மிச்சம் இருந்தா ராஜா சொன்ன மாதிரி டிஷ்ல அமுக்கிக்கலாம், அது ஒண்ணும் பண்ணாது. அதுக்கும் மேல இருந்தா தான் குழிஞ்ச முகத்துல மட்டும் ஈரத்துணியால லேசா துடைச்சு, நியூஸ்பேப்பர் வச்சு ரெண்டு எம்டிஎஃப்க்கு நடுவுல கட்டி வைக்கிறது, பேப்பர மாத்திக்கிட்டே இருக்கணும்.

வடக்கு_வீதி:
நான் டொரோண்டோவில கிட்டார் திருத்திற ஆள். ஈரப்பதம் பற்றி ஒரு விசயம் சொல்லவேணும் எண்டு வந்தன். இஞ்ச பனிக்காலத்தில ஹீட்டர் ஓடத் தொடங்கினால் வீட்டுக்குள்ள 20, 25 வீதத்துக்கு இறங்கிடும். ஊரில இருந்து ஆக்கள் கொண்டுவாற கிட்டாருகள் ஜனவரி, பெப்ரவரியில தான் என்னட்ட வந்து சேரும். டாப் உள்ளுக்க தாழ்ந்து கம்பி ஃபிரெட்டில (கழுத்தில குறுக்க பதிச்ச உலோகப் பட்டி) முட்டும், கழுத்தின்ர கரையில கைய ஓட்டினால் ஃபிரெட் முனை கீறும், முத்தினால் டாப்பில கம்பி மாட்டுற பிரிட்ஜுக்குப் பின்னால நீளத்துக்கு வெடிப்பு. பலகை சுருங்குது, குறுக்க ஒட்டின ப்ரேஸ் சுருங்காது, பிறகு என்ன செய்யும்.

ஸ்ப்ரூஸ் டாப் ஒண்டு 75 வீதத்தில இருந்து 40க்கு வந்தால் 400 மிமீ அகலத்தில கிட்டத்தட்ட 4 மிமீ சுருங்கப் பாக்கும். அதால தான் உலகம் முழுக்க கட்டுறவை 45 வீதத்தில வச்சு ப்ரேஸ் ஒட்டினம். 45இல ஒட்டினது 75க்குப் போனால் கொஞ்சம் வீங்கும், கம்பி உயரும், அவ்வளவு தான். மற்றப் பக்கமா நடந்தால் தான் பலகை வெடிக்கும். தம்பி, மாடியில 78இல வச்சு ஒட்டாதேங்கோ. உங்கட மீட்டரையும் ஒருக்கா சரிபாருங்கோ, ஒரு மூடியில சாப்பாட்டு உப்பை ஈரமணல் பதத்துக்கு நனைச்சு, மீட்டரோட சேத்து சிப்லொக் பைக்குள்ள ஒரு இரவு முழுக்க மூடி வையுங்கோ, 75 காட்டவேணும். மலிவு மீட்டருகள் 8, 10 பிழையாக் காட்டும்.

க்ளாம்ப்_ராஜா:
உப்பு டெஸ்ட் புதுசா இருக்கு, இன்னைக்கே பண்றேன். ஆனா சென்னையில 45க்கு எங்க போறது, ஏசிய ட்ரை மோட்ல போட்டாலும் 50க்கு கீழ வர மாட்டேங்குது.

இழைப்புளி:
ரூம் முழுக்க வேணாம்பா. ப்ளைவுட்ல பலகை போற அளவுக்கு ஒரு பெட்டி அடி, உள்ள ஓரமா ஒரு பழைய குண்டு பல்பு, மேலயும் கீழயும் நாலு ஓட்டை, மீட்டர உள்ள தொங்க விடு. உள்ள கொஞ்சம் சூடேறினாலே ஈரப்பதம் சடசடன்னு இறங்கும். பல்பு மரத்துக்கு பக்கத்துல வேண்டாம், ஆள் இல்லாதப்ப எரிய விடவும் வேண்டாம். ஒட்டுறதுக்கு முன்னாடி பலகையும் ப்ரேஸும் அதுல கிடக்கட்டும், எடுத்த கையோட ஒட்டி க்ளாம்ப் போடு, திரும்ப பெட்டிக்குள்ள.

கழுத்து கேள்விய யாரும் தொடல. ரெண்டு நேர் சட்டத்த ரெண்டு முனையிலயும் குறுக்க வச்சு ஒரு கண்ண மூடிட்டு பாருங்க தம்பி, ரெண்டு சட்டமும் ஒண்ணுக்கொண்ணு சாய்ஞ்சு தெரிஞ்சா முறுக்கு. வளைவ ட்ரஸ் ராட் (கழுத்துக்குள்ள வைக்கிற இரும்புக் கம்பி) இழுத்துரும், முறுக்க அதால ஒண்ணும் பண்ண முடியாது. கட்டை இன்னும் தடியா இருந்தா இழைச்சு நேராக்கி சில வாரம் சும்மா போடுங்க. மறுபடி முறுக்கினா நீளவாக்குல மூணா அறுத்து நடு துண்ட தலைகீழா திருப்பி ஒட்டுங்க, ஒண்ணோட இழுப்ப இன்னொண்ணு பிடிச்சு நிறுத்தும். அப்பவும் கேக்கலைன்னா ஸ்டூலுக்கு கால் ஆகும்.

ஆறுகம்பி:
திருப்பி போட்டு காலையில பாத்தேன், 7ல இருந்து 2 மிமீக்கு வந்துருச்சு! ரீப்பர் அடுக்கி வெயிட் வச்சிட்டேன். எடை 612 கிராம், பென்சில்ல எழுதியாச்சு. கடைசியா ஒண்ணு, சைடு பலகை ரெண்டும் கூட லேசா நெளிஞ்சிருக்கு, அதையும் இப்படியே பண்ணணுமா?

இழைப்புளி:
சைடு எப்படியும் தண்ணி தெளிச்சு சூட்டு குழாய்ல வளைக்க போறதுதான, குறுக்கு நெளிவு அங்கயே போயிரும். வளைக்கிறப்ப பின்னாடி ஒரு தகரப்பட்டை பிடிச்சுக்கோங்க.