டிமாண்ட் அக்ரிகேஷன்: 'தேவை திரட்டல்' என்று வைக்கலாமா?

ஐயா, வணக்கம்.

நாம் தமிழில் எழுதும் சூரிய பம்புசெட் கையேட்டில் 'டிமாண்ட் அக்ரிகேஷன்' வருகிறது, அதாவது வாங்குவதற்கு முன் பலருடைய தேவையை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கெடுப்பது. அதற்கு நீங்கள் சொன்ன 'கோரிக்கைத் தொகுப்பு' எனக்கு ஒத்துவரவில்லை. வேலூர்ப் பக்கத்து விவசாயி கோரிக்கை என்றதும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுக்கும் மனுவைத்தான் நினைப்பார். தொகுப்பு என்ற சொல்லும் ஏற்கெனவே மின்தொகுப்புக்கு (கிரிட்) போய்விட்டது. 2021 கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியாவும் பிரிட்டனும் அறிவித்த 'ஒரே சூரியன், ஒரே உலகம், ஒரே தொகுப்பு' முயற்சி இதே கையேட்டில் வருகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தொகுப்பு வந்தால் படிப்பவர் குழம்புவார்.

குடியாத்தம் நண்பர் சொன்ன 'கூட்டுக் கொள்முதல்' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொருள் மாறிவிடுகிறது. 2015 பாரிஸ் மாநாட்டில் இந்தியாவும் பிரான்சும் தொடங்கிவைத்த பன்னாட்டு சூரியக் கூட்டணி என்ன செய்தது? எத்தனை பம்பு வேண்டும் என்று உறுப்பு நாடுகளைக் கேட்டது. 22 நாடுகளிலிருந்து 2,70,000-க்கும் மேல் கணக்கு வந்தது. அந்தக் கணக்கை முன்னால் வைத்து உலக அளவில் ஒரே டெண்டர் விட்டு விலை கேட்டார்கள். அப்புறம் வாங்குவது அந்தந்த நாட்டின் பாடு. கூட்டணி இதில் வாங்குபவர் இல்லை. சின்ன நாடு தனியாகப் போய்க் கேட்டால் பெரிய உற்பத்தியாளர் இறங்கி வரமாட்டார், அதற்காகத்தான் இந்த ஏற்பாடே. எல்.இ.டி. பல்பில் நடந்தது வேறு. அங்கே அரசு நிறுவனமே மொத்தமாக வாங்கியது. 2014-ல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-ல் 38-க்கு இறங்கியது. அதைக் கொள்முதல் என்று தாராளமாகச் சொல்லலாம். பம்பில் வாங்குவதற்கு முந்தைய படிக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறு போடப் போர் வண்டி கூப்பிடும்போது இதேதான் நடக்கிறது. அக்கம்பக்கத்தில் நாலு நிலத்துக்காரர் சேர்ந்து கேட்டால் அடிக்கு இவ்வளவு என்று பேசிக் குறைக்கலாம். பணம் மட்டும் அவரவர் தனியாகக் கொடுப்பார்கள். 'ஆள் திரட்டிக்கொண்டு வா' என்றுதான் சொல்வோம்.

ஆகவே என் பரிந்துரை 'தேவை திரட்டல்'. நிதி திரட்டல், ஆதரவு திரட்டல், கையெழுத்து திரட்டல் எல்லாம் மக்கள் வாயில் இருப்பவை, விளக்கம் தேவைப்படாது. வலைப்பதிவு காலத்திலேயே, பல பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் அக்ரிகேட்டரைத் 'திரட்டி' என்று தமிழ் இணையம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதனால் தேவையைச் சேர்க்கும் அமைப்பையும் திரட்டி என்றே சொல்லலாம்.

ஒற்று பற்றி ஒரு வார்த்தை. தேவையைத் திரட்டுவது என்ற பொருளில் இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஒற்று மிகாது: தேவை திரட்டல். திரட்டிக் கிடைத்த மொத்தக் கணக்கைச் சொல்லும்போது ஒற்று மிகும்: தேவைத் திரட்டு. செயலுக்கு ஒன்று, அதில் கிடைத்த எண்ணுக்கு ஒன்று. கையேட்டில் இரண்டும் வேண்டியிருக்கிறது.

வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக, மத்திய அரசின் மானியத் திட்டமான பி.எம். குசும் பம்புக்கு விண்ணப்பிக்கும் விவசாயிகள்தான் இதைப் படிக்கப்போகிறார்கள். காட்பாடியில் இருக்கும் நண்பர்கள் நாலைந்து விவசாயிகளிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டி, எங்கே தடுக்கிறது என்று எழுதுங்கள். டெண்டர் விட்டு விலை எவ்வளவு என்று கண்டறியும் 'பிரைஸ் டிஸ்கவரி'க்கு 'விலை காணல்' என்று எழுதிவைத்திருக்கிறேன். அதில் எனக்கே இன்னும் திருப்தி இல்லை, மாற்று இருந்தால் சொல்லுங்கள்.